ஆளுக்கு ஓரடிப் பிழை

எங்கள் நில அளவைப் பயிற்சி நிலையத்தில் இதுவரை யாரும் தப்பு செய்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அங்கே அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் வீட்டுச் சமையலறை வழியாக ஒரு சாலை போகவிருந்ததும், பிறகு போகாமல் விட்டதும் அந்த ஏற்பாட்டினால்தான். அதனால் அதைக் குறை சொல்வதா, கும்பிடுவதா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

நில அளவையும் வரைபடமும் படிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே தூங்கிப் போகிறவள். "நான் துணியை அளந்து கண்டது போதும். நீ நிலத்தை அள. அதுக்குத்தான் மரியாதை," என்றாள். பயிற்சி நிலையம் எங்கள் வீட்டுக்கு மேற்கே, கொல்லைப்புறச் சுவரைத் தாண்டினால் வந்துவிடும். வீட்டு வாசலுக்கு எதிரே, கிழக்கில், வெறும் பொட்டல். அந்தப் பொட்டலில் யாரோ ஒரு பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். யார் என்று அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை.

நேர்முகத் தேர்வில் இயக்குநர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என் உயரம் என்ன என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடை ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குடைக்குன்னே பொறந்திருக்கான் ஐயா," என்றார். சேர்த்துக்கொண்டார்கள். அன்றோடு என் பெயர் போயிற்று. முதலில் ஒட்டடைக்குச்சி என்றார்கள். அது நீளமாக இருந்ததால் ஒட்டடை ஆக்கிவிட்டார்கள்.

குடை ஆசிரியர் என்றால் என்ன என்று வெளியாருக்கு விளங்காது. அளவைக் கருவியின் மேல் வெயில் படக் கூடாது. பட்டால் சூடேறி அளவு பிசகும். அதனால் களத்தில் ஒருவர் அதற்குக் குடை பிடிப்பார். எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். எங்கள் நிலையம் அதைப் பாடமாக்கியது. முதல் பருவம் முழுக்கக் குடை. காலைக் குடை, உச்சிக் குடை, மாலைக் குடை, மேகமூட்டக் குடை. மேகமூட்டத்தில் குடை எதற்கு என்று கேட்ட ஒரு பையன் இன்றுவரை முதல் பருவத்திலேயே இருக்கிறான்.

நாங்கள் குடை பிடித்ததெல்லாம் வெறும் முக்காலிக்கு. கருவி இயக்குநர் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வாங்கியபோது ஒட்டிய முத்திரை அப்படியே இருந்தது. முத்திரை பிரிக்கப்படாதவரைதான் அதன் துல்லியத்துக்குச் சான்று செல்லும் என்று அதில் அச்சடித்திருந்தார்களாம். பருவத்துக்கு ஒரு தடவை எங்களை வரிசையாக நிறுத்திக் காட்டுவார்கள்.

"மத்த நிலையத்துல எல்லாம் கருவியை வெளிய எடுக்கிறாங்க. எடுத்தா தப்பு வரும்," என்றார் இயக்குநர். "நம்ம கருவியைப் பாருங்க. வாங்கின நாள்ல இருந்து ஒரு தப்பான அளவு காட்டினதில்ல."

எனக்குப் பின்னால் "த்ச்" என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கள் வகுப்பில் பல்லி என்று ஒருத்தி இருந்தாள். யார் எதைச் சொன்னாலும் நாக்கைத் தட்டுவாள். கெட்டிக்காரி. கெட்டிக்காரியாக இருந்ததால் அவளுக்கு அங்கே நல்ல பெயர் இல்லை.

குடைக்கு ஒரு மரியாதையும் உண்டு. குடைக்குக் கீழே எது வந்தாலும் அது கருவி. வாசல் காவலாளி எழுந்து சல்யூட் அடித்து, கேள்வி கேட்காமல் கதவைத் திறக்க வேண்டும். ஒருநாள் மழையில் சமையல்காரர் குடை பிடித்து உள்ளே வந்தார். காவலாளி விதிப்படி சல்யூட் அடித்தார். அந்த ருசி கண்டபின் சமையல்காரர் வெயில், மழை, பனி எதற்கும் குடை இல்லாமல் வருவதில்லை.

இனி முதல் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலையத்தின் முகப்பில், வெள்ளைக் கம்பி வேலிக்குள் ஒரு தட்டையான கருங்கல் இருந்தது. நடுவில் கூட்டல் குறி போல ஒரு செதுக்கல். இந்த வட்டாரத்து நிலம் முழுவதும் அந்தக் கூட்டல் குறியிலிருந்துதான் அளக்கப்பட்டது. தினமும் காலையில் அதன் முன் கண்ணை மூடி நின்று, "எல்லாம் இங்கிருந்தே" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்து சொன்னால் மதிப்பெண் குறையும்.

"முதல் கல் நகராது," என்பார் இயக்குநர். "ஊரே நகர்ந்தாலும் அது நகராது. நாமதான் அதைத் தேடிப் போகணும்."

அவர் இப்படிச் சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொள்வேன். ஏனென்றால் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து குளித்து வளர்ந்தவன் நான். அது எங்கள் கொல்லைப்புறத்தில் கிடந்த கல். அம்மா அதில்தான் துவைப்பாள். சட்டைக் காலரை அந்தக் கூட்டல் குறியில் வைத்துத் தேய்த்தால் எப்பேர்ப்பட்ட அழுக்கும் போகும். சில வருஷங்களுக்கு முன்னால் இயக்குநர் பழைய வரைபடம் ஒன்றோடு, பத்துப் பதினைந்து பேருடன் எங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்தார். அம்மா அப்போது ஒரு போர்வையை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். அவர் கண் கலங்கிவிட்டார்.

"நாட்டோட மானத்தைப் போட்டு அடிக்கிறீங்களேம்மா," என்றார்.

அன்றே கல்லைப் பெயர்த்து, பத்திரமாக இருக்கட்டும் என்று நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மாவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் கொடுத்தார்கள். அன்று பிடித்த இடுப்பு வலி அம்மாவை இன்னும் விடவில்லை. "தொட்டியில கும்மினா அழுக்கு போகுமா? தண்ணிதான் அழுக்காகும்," என்று துவைக்கிற நாளெல்லாம் சொல்வாள்.

எந்தக் கல்லிலிருந்து அளக்கிறாயோ அந்தக் கல்லை அசைக்காதே என்பது நிலம் அளக்க வருகிற எவனுக்கும் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். எங்களுக்கும் சொல்லித்தந்தார்கள். பெயர்த்துக் கொண்டுவந்த கல்லுக்கு முன்னால் நிற்கவைத்துத்தான் சொல்லித்தந்தார்கள்.

இரண்டாம் பருவத்தில் பிழைப் பங்கீடு. இதை இயக்குநரே நடத்துவார். நீங்கள் ஓரிடத்தில் தொடங்கி, புள்ளி புள்ளியாக அளந்துகொண்டே ஒரு சுற்று சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வரைந்தால் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து சேராது. துளி பிசகும். அந்தப் பிசகை எந்த ஒரு புள்ளியின் தலையிலும் கட்டாமல், நடுவில் உள்ள புள்ளிகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுப்பார்கள். தொடக்கப் புள்ளிக்கு மட்டும் பங்கு கிடையாது. உலகத்து சர்வேயர்கள் எல்லாரும் செய்வதுதான். எங்கள் இயக்குநர் அதைக் காகிதத்தோடு விடவில்லை.

"தப்பு பண்ணினது யாருன்னு தேடுறது போலீஸ் வேலை," என்று கரும்பலகையைத் தட்டுவார். "நம்ம வேலை பங்கு போடுறது. ஒருத்தன் தலையில வச்சாதான் அது தப்பு. எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டா அது வெறும் கணக்கு."

சமையல்காரர் ஒருநாள் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். நாங்கள் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பு போட்டதாகக் கையெழுத்திட்டோம். அதன்பின் உணவு சரியாக இருப்பதாக அறிவித்தார்கள். கொத்தனார் நூலகத்துக்குக் கதவு வைக்க மறந்துவிட்டார். அந்த மறதியைக் கொத்தனார், எழுத்தர், தோட்டக்காரர், மூன்றாம் வரிசை மாணவர்கள் என்று பிரித்துக்கொண்டோம். நூலகத்துக்குள் இன்றைக்கும் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும், ஆனால் அதில் குற்றம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுமதி அளவு உண்டு. நில அளவில் ஆளுக்கு ஓரடி. பங்கு ஓரடிக்குள் அடங்கிவிட்டால் அது பிழையே அல்ல.

"ஐயா, உங்க பங்கு எவ்வளவு?" என்று கேட்டாள் பல்லி.

"நான் தொடக்கப் புள்ளிம்மா. எனக்குப் பங்கு வராது. விதி அப்படி இருக்கு, நான் என்ன பண்ணட்டும்," என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

கடைசிப் பருவத்தில் களப்பணி. வட்டாரத்துக்கு ஒரு புதுச் சாலை வரப்போகிறது. முதல் கல்லுக்கு நேர் கிழக்கே இத்தனை அடியில் சாலையின் நடுக்கோடு என்று மேலிடம் என்றைக்கோ முடிவு செய்துவிட்டது. அதன்படி முளை அடித்து, வரைபடம் தயாரித்துக் கொடுக்க வேண்டியது எங்கள் வகுப்பு. கருவி பெட்டிக்குள் இருந்ததால் டேப்பால் அளந்தோம். நான் டேப்புக்குக் குடை பிடித்தேன்.

வேலியிலிருந்து கிழக்கே இழுத்துக்கொண்டு போனோம். சுவரில் ஏணி சாத்தி ஏறி, எங்கள் கொல்லைப்புறத்தில் இறங்கி, பின்கதவு வழியாக உள்ளே போனோம். குறித்த தூரம் முடிந்த இடத்தில் பல்லி நின்று கீழே பார்த்தாள். அடுப்பு இருந்தது. அடுப்புக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க," என்றார் குடை ஆசிரியர். "நீங்க நடு ரோட்டுல நின்னு சமைக்கிறீங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். "என்னடா சொல்றாரு?"

"ரோடு வருதாம்மா."

"எங்க?"

"இங்கதான். நீ நிக்கிற இடம் நடுக்கோடு."

அம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள். "ரோடு வர்றவரைக்கும் சமைக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, தாராளமா," என்றார் குடை ஆசிரியர். சமையலறைத் தரையில் முளை அடித்துவிட்டுப் போனார். அதில் அம்மா தினமும் கால் இடறிக்கொண்டாள்.

எங்களுக்கு அந்த ஒரு வீடுதான். அப்பா இருக்கும்போது இரண்டு அறை கட்டினார். அவர் போனபின் அந்தச் சமையலறையை அம்மா தனியாளாகத் தைத்துத் தைத்துக் கட்டினாள். வரைபடத்துக்கு முத்திரை குத்தியதும் இடிக்க வருவார்கள். முத்திரை குத்துவது எங்கள் நிறைவு விழா அன்று. அதாவது நான் சான்றிதழ் வாங்குகிற அன்றைக்கே வீட்டையும் கொடுக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே பல்லியும் நானும் அம்மாவின் தையல் நாடாவை வைத்து அளந்தோம். கல் முன்பு இருந்த இடத்தில் இன்னும் பள்ளம் இருந்தது. அங்கிருந்து நிலையத்து வேலிவரைக்கும் சரியாக நூறடி. சாலை தானாக எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. கல் நூறடி மேற்கே போனது. சாலையும் நாய்க்குட்டி மாதிரி அதன் பின்னாலேயே நூறடி மேற்கே வந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலையில் இயக்குநர் அறைக்கு ஓடினேன்.

"ஐயா, கல்லைப் பெயர்த்து நூறடி தள்ளி வச்சதாலதான் ரோடு எங்க வீட்டுக்குள்ள வந்திருக்கு."

"தெரியும்பா," என்றார். "உக்காரு."

உட்கார்ந்தேன்.

"இது தெரியாம இருப்போமா? எப்பவோ கணக்குப் போட்டுப் பார்த்தாச்சு. நூறடி. சின்னத் தப்பு இல்ல. அப்ப நிலையத்துல மொத்தமே நாப்பது பேரு. ஆளுக்கு ரெண்டரை அடி வந்துச்சு. அனுமதி ஓரடிதான். எனக்குத் தூக்கமே போச்சு. அப்புறம்தான் யோசனை வந்துச்சு, ஏன் சேர்க்கையைக் கூட்டக் கூடாதுன்னு."

"அப்ப எங்களை எல்லாம் சேர்த்தது..."

"அளக்கக் கத்துக்கவும்தான்," என்றார் பெருந்தன்மையாக.

மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். நூறடிப் பிழையை ஆளுக்கு ஓரடி என்று நாங்கள் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறோம் என்று மேலே எழுதியிருந்தது. கீழே தொண்ணூற்று ஒன்பது கையெழுத்துகள். மாணவர்கள், எழுத்தர்கள், சமையல்காரர், காவலாளி, காலையில் நாளிதழ் போடுகிறவர்.

"உன் ஒரு கையெழுத்துதான் பாக்கி. போட்டுட்டா பிழை ஜீரோ."

"பிழை ஜீரோ ஆயிட்டா எங்க வீடு இருக்குமா ஐயா?"

"வீடு போயிடும்பா," என்றார். "ஆனா தப்பா போகாது. சரியா போகும். அதுல ஒரு நிம்மதி இருக்கு பாரு."

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"நீ ஒருத்தன் போடலைன்னா நூறடியும் மறுபடி தப்பாயிடும். தொண்ணூத்தொம்பது பேரோட உழைப்பு வீணாயிடும். ஒரு அடி சுமக்க மாட்டேங்கிறவன் எப்படி சர்வேயர் ஆவான்? சான்றிதழ்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? யோசிச்சுப் பாரு."

"அம்மாவைக் கேட்டுட்டு வரேங்க."

"கேட்டுட்டு வா. பெத்தவங்களைக் கேட்டு நடக்கிற பையன். நல்ல வளர்ப்பு."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். பல்லியும் கூட வந்திருந்தாள். அம்மா தொட்டியில் கும்மிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வீடு வேணுமா, சான்றிதழ் வேணுமான்னு என்கிட்ட கேக்க வந்தியா?"

"ஆமாம்மா."

"எனக்கு என் கல்லு வேணும்," என்றாள் அம்மா. "வீட்டை இடிக்கிறவரைக்குமாவது நான் ஒழுங்கா துவைக்கணும். போய் வாங்கிட்டு வா."

நான் பல்லியைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள், நாக்கைத் தட்டவில்லை. அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அத்தை," என்றாள் மெதுவாக. "கல்லு இங்க வந்துட்டா ரோடும் அது பின்னாலயே திரும்பிப் போயிடும்."

"எங்க போகும்?"

"முதல்ல எங்க போகணும்னு இருந்துச்சோ அங்க. பொட்டலுக்கு."

"பொட்டல்ல இப்ப உங்க இயக்குநர் பங்களா கட்டிக் குடிவந்துட்டாரே."

"த்ச்," என்றாள் பல்லி.

நிறைவு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லாரையும் அரங்கத்துக்குள் கூட்டிக் கைதட்டல் ஒத்திகை நடத்தினார்கள். பல்லி, நான், முதல் பருவத்திலேயே இருக்கிற அந்தப் பையன், அவனுக்குத் துணையாக இன்னொருவன், நான்கு பேரும் வெளியே வந்தோம். கடப்பாரையால் நெம்பி, சமையலறைக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தள்ளுவண்டியில் கல்லை ஏற்றினோம். நான் குடையை விரித்தேன். பட்டப்பகல். உள்ளே சீரான கைதட்டல்.

வாசலில் காவலாளி எழுந்து நின்றார். சல்யூட் அடித்தார். கதவைத் திறந்தார். வண்டி அவரைத் தாண்டியது.

"தம்பி," என்று கூப்பிட்டார். நின்றேன்.

"குடை கொஞ்சம் சாஞ்சிருக்கு. பார்த்துப் பிடிங்க."

உச்சிக் குடைக்கு உரிய கோணத்தில் நேராக்கிக்கொண்டு நடந்தேன். நிலையத்தில் நான் கற்ற கல்வி எனக்குப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் அது. கல் கொல்லைப்புறத்துப் பள்ளத்தில், பழைய செருப்பில் கால் நுழைவது போல உட்கார்ந்தது. அம்மா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, முதல் வேலையாக ஒரு தலையணை உறையை எடுத்து அடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று.

மறுநாள் காலை விழா. மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். கையில் முத்திரைப் பெட்டியோடு வந்த ஓர் அம்மையார் அவர். நூறு பேரும் வெறும் வேலிக்கு முன்னால் வரிசையாக நின்று, கண்ணை மூடி, "எல்லாம் இங்கிருந்தே" என்று மூன்று முறை சொன்னோம். இயக்குநரின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. அம்மையாருக்கு எங்கள் விதி தெரியாது. அவர் கண்ணைத் திறந்தபடியே நின்றார்.

"எல்லாம் சரி. கல்லு எங்க?" என்றார்.

இயக்குநர் கண்ணைத் திறந்தார். வேலிக்குள் ஒரு குழியும் நாலைந்து மண்புழுவும் இருந்தன. காவலாளியைப் பார்த்தார்.

"நேத்து மத்தியானம் குடைக்குக் கீழ போச்சுங்க," என்றார் காவலாளி. "சல்யூட் அடிச்சேன்."

"எந்தப் பக்கம்?"

காவலாளி கையைக் காட்டினார். எல்லாரும் ஊர்வலமாக எங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்தோம். அம்மா துவைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் வந்து நின்றதற்காகக் கையிலிருந்த பாவாடையை அவள் கீழே வைக்கவில்லை. நுரைக்குள் கூட்டல் குறி தெரிந்தது.

"இதுதான் முதல் கல்லா?" என்றார் அம்மையார்.

"ஆமாங்க. ஆனா இது இங்க இருக்கக் கூடாது. இடம் மாறிடுச்சு," என்றார் இயக்குநர்.

அம்மையார் விழா மலரைப் புரட்டினார். "உங்க வாழ்த்துரையில முதல் கல் நகராதுன்னு போட்டிருக்கு. ஊரே நகர்ந்தாலும் நகராதுன்னு வேற இருக்கு. நகருமா, நகராதா? ஒண்ணைச் சொல்லுங்க. எனக்கு மத்தியானம் இன்னொரு ஊர்ல முத்திரை குத்தணும்."

இயக்குநர் ஒரு நிமிஷம் யோசித்தார். நகரும் என்றால், அதை நகர்த்தியது யார் என்று அடுத்த கேள்வி வரும். இத்தனை வருஷத்து வரைபடங்களும் வாழ்த்துரைகளும் என்ன ஆவது? அவர் தொண்டையைச் செருமினார்.

"நகராதுங்க," என்றார்.

"அப்ப இங்கிருந்து அளங்க."

குடை ஆசிரியர் டேப்பை எடுத்தார். கொல்லைப்புறத்திலிருந்து சமையலறை, வாசல், தெரு, பொட்டல் என்று டேப் கிழக்கே போனது. நான் கூடவே குடை பிடித்துக்கொண்டு போனேன். குறித்த தூரம் பங்களாவின் கூடத்தில் போய் முடிந்தது. இயக்குநரின் மனைவி சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, டிவியைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க," என்றார் குடை ஆசிரியர். "நீங்க நடு ரோட்டுல உக்காந்து பார்க்கிறீங்க."

பளிங்குத் தரையில் முளை இறங்க மறுத்தது. நான்கைந்து அடி ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தில் இயக்குநருக்கு ஏதோ ஆகிவிட்டது.

"இது தப்புங்க," என்றார் அம்மையாரிடம். "நூறடி தப்பு. யாரோ பண்ணின தப்பு. யாருன்னு கண்டுபிடிக்கணும்."

பல்லி ஒரு தாளை நீட்டினாள். அவர் மேசையில் இருந்த அதே தாள். விழாவில் நான் கையெழுத்துப் போட்டதும் வாசிப்பதற்காக அவரே கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"நூறடிதானே ஐயா. பங்கு போட்டு வச்சிருக்கோம்," என்றாள். "ஒட்டடை, வா. உன்னோடதுதான் பாக்கி."

நான் குடையைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, நூறாவது கையெழுத்தைப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை. அம்மையார் தாளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார்.

"ஆளுக்கு ஓரடி. அனுமதிக்குள்ளதான் இருக்கு. பிழை எதுவும் இல்லை," என்று சொல்லி, அங்கேயே டிவியின் மேல் வைத்து வரைபடத்துக்கு முத்திரை குத்தினார்.

இயக்குநர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. என் வீடு போகப்போகிறது என்றபோது எனக்கு ஆறுதல் சொன்ன மனிதர். நானும் பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தேன்.

"வீடு போயிடும் ஐயா," என்றேன். "ஆனா தப்பா போகாது."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பாடத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டதை நினைத்துத்தான் பார்த்திருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. குடையில் முதலிடம். வேலையும் உடனே கிடைத்தது. முதல் கல் எங்கள் கொல்லைப்புறத்தில் இருப்பதால் அதற்கு ஒரு நிரந்தரக் குடைப் பணியாளர் வேண்டியிருந்தது. வேறு எதற்கும் நான் தயாராகவும் இல்லை. கருவியை இன்றுவரை கண்ணாடிக்கு வெளியே பார்த்ததில்லை. வெள்ளைக் கம்பி வேலியைக் கொண்டுவந்து கல்லைச் சுற்றி நட்டிருக்கிறார்கள். அம்மா அதில் துணி காயப்போடுகிறாள். இயக்குநர் இப்போது நிலையத்து விடுதியில் தங்கியிருக்கிறார். தினமும் காலையில் புது மாணவர்களை அழைத்துவந்து நிறுத்துவார். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு "எல்லாம் இங்கிருந்தே" என்பார்கள். அம்மா அடித்துத் துவைப்பாள். முன்வரிசைக்குக் கொஞ்சம் தண்ணீர் தெறிக்கும்.

இந்த வருஷம் சேர்க்கையை மறுபடி இரண்டு மடங்காக்கியிருக்கிறார்கள். எதற்கு என்று தெரியவில்லை. யாருக்கோ எங்கேயோ ஒரு பெரிய கணக்கு விழுந்திருக்க வேண்டும்.

எனக்குக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வேலை. கல்லின் மேல் நிழல் பிசகாமல் நிற்க வேண்டும். நேற்று உச்சி வெயிலில், கற்றது அத்தனையும் கையில் திரட்டி, குறி மேல் நிழல் விழ நின்றுகொண்டிருந்தேன். அம்மா பிழிந்த சட்டையை உதறியபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்லு வெயில்ல கெட்டா போகும்? துணி காயணும். குடையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிடா," என்றாள்.